முழங்கால் ஆறும்வரை

சிவகடாட்சம் அண்ணை,
டாக்குத்தர் ஆறு கிழமை எண்டவராம்.
வின்னிபெக்கில் ஆறு கிழமை எண்டால்
பனிக்காலத்தின்ரை கால்வாசி.
"முப்பது வருசமாய் விளையாடுறாய்,
எதை வாங்கலாம் சொல்லு" எண்டு கேட்டியள்.
இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை.
அம்மா கேட்டது "எப்ப நிப்பாட்டுவாய்" எண்டு மட்டும்.
ஆகவே கொஞ்சம் நீளமாய்ச் சொல்லுவன்.

முதல் சட்டம்: வந்த அண்டைக்கு வாங்கக் கூடாது.
வெளியாகிற நாள் தொண்ணூறு டொலர்.
தைப்பொங்கலுக்கு அறுபது.
ஆடி பிறக்க, போர்ட்டேஜ் அவெனியூவில்
ஓரெஸ்டின்ரை பாவிச்ச சாமான் கடையில் இருபத்திரண்டு,
பெட்டியில் ஆற்றையோ கோப்பிக் கறையோடை.
பிழை திருத்த அவங்களுக்கும்
ஒரு வருசம் வேணும்தானே.
முதல்நாள் வாங்குறவன்
காசும் குடுத்து வேலையும் செய்யிறான்.

டிராகன் வாற பெரிய விளையாட்டு ஒண்டு இருக்கு,
எல்லாரும் அதைத்தான் சொல்லுவினம்.
முதல் பத்து மணித்தியாலம் காடு, மழை,
பாலத்துக்குக் கீழே
தனக்குத்தானே பாட்டுப் படிக்கிற ஒரு பூதம்.
அந்தப் பூதத்துக்காக என்ன விலையும் குடுக்கலாம்.
பிறகு பதினெட்டு ஊருக்கும்
துலைஞ்ச ஆடு தேடிக் குடுக்க வேணும்.
ரெண்டாவது தீவில் நிப்பாட்டுங்கோ.
நான் முடிச்சனான்.
நூற்றிநாற்பது மணித்தியாலம். டிராகன் செத்தது.
அடுத்தநாள் ஏழு மணிக்கு எனக்கு வேலை.

உதைபந்து: வருசா வருசம் அதே புல்லு,
சட்டை நம்பர் மட்டும் புதிசு.
ஆறு வருசம் பழசை ஐஞ்சு டொலருக்கு எடுங்கோ.
பென்சன் எடுத்தவையள்
அதில் இன்னும் ஓடித் திரியினம்.

சுடுறதை நான் சொல்லமாட்டன்.
உங்கடை கைவேகம் காணாது எண்டில்லை.
நகரம் எரிய எரிய ஓடுறானே,
அவனுக்கு ஒருக்காலும் தண்ணி விடாய்க்கிறதில்லை.
விடுங்கோ.

லொறி ஓட்டுறது நல்லது, நம்புங்கோ.
என்ரை மச்சான் யோகதாசன்
தண்டர் பேக்குப் போய் நிசமாய் லொறி ஓட்டிப்போட்டு வந்து
சப்பாத்துக் கழட்டாமல் இதில் லொறி ஓட்டுறான்.
கேட்டால்,
"இதில் நினைச்ச இடத்தில் நிப்பாட்டலாம்" எண்டுறான்.

நோக்குளிசை போட்ட இரவுக்குக்
கட்டை அடுக்கிறது ஒண்டு.
ஓரெஸ்ட் அதைச் சும்மாவே தருவான்.

ஒண்டை மட்டும் தொடாதேங்கோ.
மலை மலையாய்ப் பொதி சுமந்து
வீடு வீடாய்க் குடுக்கிறது, அவ்வளவுதான் கதை.
பாரம் கூடினால் ஆள் சரியும்.
சரிஞ்சால் பொதியைத் தேடிப் பொறுக்கவும் வேணும்.
முப்பத்தொரு வருசம்
எல்ம்வுட்டில் கடிதம் போட்டுத்தான்
உந்த முழங்கால் போனது.
அதைத் திரும்பக் காசு குடுத்து வாங்குவானேன்?

நீங்கள் அதைத்தான் வாங்கினியள்.
அதுவும் முழு விலைக்கு, புதுப் பெட்டி,
கண்ணாடித்தாள் கிழியாமல்.

நேற்று இரவு ரெண்டு நாற்பதுக்குப் போன்.
"தர்சினி, நித்திரையே?"
"இல்லை அண்ணை."
(இந்த வருசம் டிராகனின்ரை ரெண்டாம் பாகம் வந்தது.
வந்த அண்டைக்கே வாங்கி
ஆடு தேடிக்கொண்டிருந்தனான்.)
"வடக்குச் சரிவாலை ஏறிப்
பதினாலு வீடு முடிச்சிட்டன்.
ஒரு படியிலையும் ஐஸ் இல்லை.
ரெண்டுதரம் விழுந்தன், தானாய் எழும்புறான் பெடியன்.
ஆனால் பிள்ளை,
ஒரு கேற்றடியிலையும் ஒரு நாய் இல்லை.
இதென்ன ஊர்?"

சந்தோசமோ முறைப்பாடோ,
எனக்குப் பிடிபடேல்லை.
நாய் குரைக்கிறது ஏதாவது
பாவிச்சது வந்தால் எடுத்துவைக்கச் சொல்லி
ஓரெஸ்டிட்டைச் சொல்லியிருக்கிறன்.